எங்க தெருவுல அப்படி யாரும் இல்ல

ஞானசெல்வி: உனக்க வாயாலத்தாண்டி பூங்கனி! நம்ம கடற்கரைக்கு வரவேண்டிய போதை நிறுத்துற டாக்டரு இந்தக் குலசேகரத்துல வந்து ஒக்காந்திருக்காரு. ரெண்டு பஸ்சு மாறி, ரப்பர் காட்டுக்குள்ள...

பூங்கனி: சத்தத்தக் கொறைட்டி. அந்த டாக்டருக்க வாசல்லயே நிக்கோம். ஆளுக பாக்காவ.

ஞானசெல்வி: பாக்கட்டும்! போன வருசம் நம்ம சுனாமி குடியிருப்புக்கு ஆராய்ச்சின்னு வந்தாளே ரேஷ்மி, அவகிட்ட என்னத்தப் பறஞ்ச?

பூங்கனி: ஆராய்ச்சின்னு எனக்கு எப்படித் தெரியும்? நல்ல சுடிதார் போட்டு, வீடு வீடா ஏறி, "இந்தத் தெருவுல பையங்களுக்கு என்ன பழக்கம், ராத்திரி எப்ப வருவாங்க"ன்னு கேட்டா...

ஞானசெல்வி: கேட்டா?

பூங்கனி: பெண்ணு வீட்டுல இருந்து மாப்பிள்ளைய விசாரிக்க வந்தவன்னுல்லா நெனச்சேன்! அப்ப உனக்க மவன் டிஜோவுக்குத் தக்கலையில பெண்ணு பேசிக்கிட்டு இருந்திய. கல்யாணத்தக் கெடுத்த பாவம் எனக்கு என்னத்துக்கு? "டிஜோவா? தங்கக்கட்டி. சாயா கூட ஆறவச்சுத்தான் குடிப்பான்"ன்னேன்.

ஞானசெல்வி: அதோட வாய மூடினியா?

பூங்கனி: ஒருத்தன மட்டும் புகழ்ந்தா சந்தேகப்படுவால்லா... ஷிஜினும் தங்கம், சிலுவைக்க மவனும் தங்கம்னு...

ஞானசெல்வி: தெருவுலயே நகைக்கடை தொறந்துட்ட!

பூங்கனி: உங்கிட்டயும் கேட்டாள்லா? நீ என்ன சொன்ன?

ஞானசெல்வி: நான்... "எங்க தெருவுல அப்படி யாரும் இல்ல. அதெல்லாம் அடுத்த ஊர்ல"ன்னேன்.

பூங்கனி: கொள்ளாம்! அப்ப பழி மட்டும் எனக்கா? மாத்திரை கடத்துறவன் வந்துபோற ஊர்ல ஆஸ்பத்திரி எப்படித் திணறுதுன்னு எழுத வந்த பிள்ளை, "இந்த ஊரு சொர்க்கம்"னு எழுதிட்டுப் போயிட்டா. அதப் படிச்சுட்டுத்தான் சர்க்காரு டாக்டர இங்க போட்டுட்டுது.

ஞானசெல்வி: ஆமா, சொர்க்கம்! டாக்டர் எழுதின வலி மாத்திரை ஆஸ்பத்திரியில இல்ல. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால போனா அதே மாத்திரை கெடைக்கு. அதத் தின்னு வலிப்பு வந்த பயலுவ கட்டிலெல்லாம் கெடக்கானுவ. காய்ச்சல்காரன் வராந்தாவுல பாய் விரிச்சுக் கெடக்கான்.

பூங்கனி: குலசேகரத்துக்காரன் உள்ளதச் சொன்னான், டாக்டரு வந்தாரு. நாம கௌரவத்தச் சொன்னோம், பஸ் டிக்கெட் வந்துது.

ஞானசெல்வி: மாத்தி எழுதுன்னு சொல்லலாம்னா, அந்த ரேஷ்மியும் கல்யாணம் கழிஞ்சு திருவனந்தபுரத்துக்குப் போயிட்டா.

பூங்கனி: அவளுக்க மாப்பிள்ளைய யாருகிட்ட விசாரிச்சாளோ... அது சரி, உனக்கு ஏன் இந்த வெப்ராளமும் கோவமும்? உனக்க மவன்தான் துபாய்ல இருக்கானே?

ஞானசெல்வி: நான்... ஊருக்காகப் பேசுதேன். நீ எதுக்கு வந்த?

பூங்கனி: நாத்தனாருக்குத் துணைக்கு. உள்ள இருக்கா. நீ?

ஞானசெல்வி: மூட்டு வலி.

பூங்கனி: மூட்டு வலிக்கு இந்த வாசலா? போர்டப் படிச்சியா?

நர்ஸ் ரெஜிஷா: டிஜோவுக்க அம்மா யாரு? பயப்படாதீங்கம்மா, ரெண்டு நாளா வலிப்பு வரல்ல. காலையில கஞ்சி குடிச்சான்.

பூங்கனி: ...துபாய்லயா கஞ்சி குடிச்சான்?

ஞானசெல்வி: சத்தத்தக் கொறைட்டி. ஆளுக பாக்காவ.

பூங்கனி: பிளேன் ஏறிட்டான்னு தெரு முழுக்கச் சொன்னியேட்டி! "மவன் கொடுத்துவிட்டது"ன்னு எனக்கு ஒரு குப்பி கோடாலித் தைலம் வேற!

ஞானசெல்வி: தக்கலை மார்க்கெட்டுல வாங்கினது.

பூங்கனி: அதான் இங்கிலீசு மணமே இல்ல. பேசிவச்ச அந்தப் பெண்ணு?

ஞானசெல்வி: ஆரல்வாய்மொழிக்குக் கெட்டிக் குடுத்துட்டாவ. சிரிச்சுக்க. வீட்டுல அவன் வாயில நுரை தள்ளி விழுந்தப்போ, பக்கத்துல டாக்டரு இருந்தாருன்னா... ரெண்டு பஸ்சுலயும் மடியில போட்டுக்கிட்டு வந்தேன் பூங்கனி. மார்த்தாண்டம் வாறதுக்குள்ள செத்துருவான்னு நெனச்சேன். எனக்குப் பேரு வேண்டாம், கல்யாணம் வேண்டாம், பிழைச்சாப் போதும். ஊர்ல மட்டும் சொல்லிராத.

பூங்கனி: நான் சொல்லுவனா?

ஞானசெல்வி: நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?

நர்ஸ் ரெஜிஷா: அடுத்தது... பூங்கனி! பூங்கனி யாரு?

ஞானசெல்வி: ஏட்டி, உனக்க நாத்தனாருக்கும் உனக்க பேருதானா?

நர்ஸ் ரெஜிஷா: வாங்கம்மா. உறக்க மாத்திரைய விட்டதுக்கு அப்புறம் கை நடுக்கம் கொறஞ்சிருக்கா?

ஞானசெல்வி: மாதாவே... நீயுமா? டாக்டர் சீட்டில்லாம உனக்கு எவண்டி மாத்திரை தந்தான்?

பூங்கனி: பின்ன, உனக்க மவனத் தங்கம்னு எதுக்குச் சொன்னேன்னு நெனைக்க? அவன் துபாய்க்குப் போன அன்னைக்கு எனக்க உறக்கமும் கூடவே பிளேன் ஏறிட்டு.