பெருநாள் முடியாத அலுமாரி

பள்ளிவாசல் நிர்வாகிகளே, நான் தேநீரைக்கூடச் சீனி போடாத பிளேன்டியாகக் குடிப்பவன். கெலிஓயாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தொழுகைக்குப் போல ஒளு எடுத்து, கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

எங்கள் வீட்டில் சமைத்த ஆஸியா உம்மாவை இனிப்புத் திருடினார் என்று அனுப்பிவிட்டதைப் பற்றி விசாரிக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதனால் மருமகன் நஸீம், கட்டாருக்குப் போகுமுன், இனிப்பு வைக்கும் அலுமாரிக்கு ஒரு பூட்டு மெஷின் பொருத்தினார். கையளவு கம்பியூட்டர். ஆஸியா உம்மாவுக்கு மட்டும் தெரிந்த இலக்கத்தை அழுத்தினால் திறக்கும். பெருநாளன்று மட்டும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். அது நான் வாதாடி வாங்கிய சலுகை. பெருநாளில் நோன்பு பிடிப்பதே ஹராம், என்னை மட்டும் பட்டினி போடலாமா என்று கேட்டேன்.

நஸீம் கொஞ்சம் பெருமைக்காரர். சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் விளக்கினார். புரோகிராம் எழுதும் பாஷையோடு கூடவே ஒரு நூலகம் வருமாம். திகதி சொல்ல ஒரு கோப்பு, கணக்குப் பார்க்க ஒரு கோப்பு என்று ஏராளம். சின்ன மெஷினில் இடம் போதாததால் அத்தனையையும் ஸிப் என்ற ஒரே மூட்டையாகச் சுருக்கிவிட்டாராம்.

"மெஷின் அந்த ஸிப்பப் பிரிக்கவே மாட்டாது மாமா. கட்டினபடியே உள்ளுக்குக் கையப் போட்டு வேண்டியத எடுத்துக்கும்."

"உள்ளுக்கு வேற ஒருத்தன் கையப் போட்டா?"

"பேர் சரியா ஈந்தாப் போதும், நம்பிரும். ஒங்களுக்கு எனத்துக்கு மாமா இதெல்லாம்?"

"சும்மாதான் மகன்."

அவர் விமானம் ஏறிய மறுநாள், மகள் ஸுமைராவின் லெப்டொப்பில் அந்த ஸிப்பைத் திறந்தேன். திகதிக் கோப்பை எடுத்துவிட்டு, அதே பேரில் நான் எழுதியதை வைத்தேன். அதில் ஒரே விஷயம்தான் இருந்தது: எவர் கேட்டாலும் இன்று பெருநாள். ஸிப்பை மெஷினில் திருப்பி ஏற்றி, ஒருமுறை அணைத்துப் போட்டேன். அது எழும்பி, ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிக் கதவைத் திறந்தது. நல்ல ஈமான் உள்ள மெஷின்.

கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டது. ஸுமைரா கண்டிக்கு வேலைக்குப் போனதும் பெருநாள் தக்பீர் சொல்லத் தொடங்கியது. அவள் இருக்கும்போது மூச்சுவிடாது. அந்த விவரமும் அதற்கு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியதம்பி, மாநகர சபையில் கிளாக்காக இருப்பவர், புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வெறுந்தட்டோடு வந்து நின்றார்.

"என்னங்க ஹாஜியார், இந்த வருஷம் உங்க பெருநாள் முடியவே மாட்டேங்குதே?"

அவருக்கும் இரண்டு துண்டு தொதல் வைத்தேன். அண்டை வீட்டாரின் உரிமையில் நான் கை வைப்பதில்லை.

இப்படித்தான் அலுமாரியில் இருந்த இனிப்பெல்லாம், தொதலும் வட்டிலப்பமும், தீர்ந்தன. ஒரு பின்னேரம் ஸுமைரா அலுமாரியைப் பார்த்தாள். பிறகு ஆஸியா உம்மாவைப் பார்த்தாள்.

"வாப்பாக்குச் சீனி வருத்தம். அவர் இனிப்புத் தொடுறல்ல. மறுகா யாரு தின்டது?"

"என்ட கையில வெங்காய மணத்தத் தவிர ஒன்டும் இல்ல புள்ள" என்றார் ஆஸியா உம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தேன். அல்லாஹ்வின் பேர் சொல்லும் திக்ருக்கு நடுவில் பேசுவது நல்லதல்ல.

கம்பளை பஸ் வரைக்கும் அவருடைய பையை நானே சுமந்தேன். வயது போனவர், பாரம் தூக்கக் கூடாது.

இப்போது கள்ளி என்ற பேர் கம்பளைக்கும் போய், அவருடைய மகள் ஷஹ்மாவுக்குப் பேசிவைத்த சம்பந்தம் நின்றுவிட்டதாம். வருத்தம்தான். புதிதாக வந்தவர் செய்யும் வட்டிலப்பத்தையும் வாயில் வைக்க முடியவில்லை. இரண்டையும் யோசித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். தீர்ப்புச் சொல்லும்போது ஒன்றை மறவாதீர்கள். நான் பூட்டை உடைக்கவில்லை. யார்மீதும் பழி சொல்லவில்லை. பொய்யை நம்பியது மெஷின். ஆஸியா உம்மாவைத் திருப்பி அழையுங்கள். தண்டனையை மெஷினுக்குக் கொடுங்கள்.

அந்த மெஷினை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அலுமாரிக்கு மேலே, நஸீம் வாங்கி வந்த பெட்டிக்குள் இருக்கிறது. கடைக்காரர் ஒட்டிய டேப்பை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.