அறுநூறு கஜத்துக்கு ஏற்ற தோட்டா

டின் பால் தீர்ந்துவிட்டது, கிறிஸ்டா. இருந்த கொஞ்சத்தையும் உன் தேநீரில்தான் ஊற்றியிருக்கிறேன், ஆறுவதற்குள் குடி. உன் அத்தை வெர்னா சர்ச் கூடத்துக்குச் சீட்டாடப் போயிருக்கிறாள். ஐந்து மணிக்கு முன்னால் வரமாட்டாள். அதனால் நிதானமாகப் பேசலாம். "அப்பாவுக்கு இந்தக் கை நடுக்கம் எப்ப ஆரம்பிச்சுது மாமா?" என்று கேட்டாய். சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் மருந்துக்கடையில் எடை போட்டுப் பொட்டலம் கட்டியவன் நான். எதையும் தோராயமாகச் சொல்லிப் பழக்கமில்லை.

உன் அப்பா கார்லண்டும் நானும் ஒரே லைசென்ஸில் வேட்டைக்குப் போகிறவர்கள். பதினாறு வருடமாக அப்படித்தான். இரண்டு பேர் பெயர், ஒரு மூஸ் மான். யார் சுட்டாலும் இறைச்சி ஆளுக்குப் பாதி. முதல் குண்டு மூத்தவருடையது. இது எந்தத் தாளிலும் எழுதியிருக்காது, ஆனால் இந்தக் கேனட் ஆர்ம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். உன் அப்பா என்னைவிட ஏழு மாதம் மூத்தவர். ஏழே மாதம்தான், ஆனாலும் மூத்தவர் மூத்தவர்தானே.

அவர் நல்ல குறிகாரர். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், கிட்டத்தில் நிற்கிற மூஸ் அவர் கண்ணிலேயே படாது. பாதையோரம் அறுபது கஜத்தில், கொம்பை ஆட்டிக்கொண்டு ஒரு காளை மூஸ் நிற்கும். "மச்சான், சுடுங்க" என்பேன். "அட போ மாப்ள, இதைச் சுட நான் எதுக்கு? உங்க வீட்டுப் பூனையை அனுப்பு, போதும்" என்பார். பிறகு சதுப்பின் அந்தக் கரையைத் தொலைநோக்கியால் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஐந்நூற்று இருபது கஜத்தில் ஒன்றை விழுத்தினார். அருமையான குறி, ஒரே குண்டு. சதுப்பில் நாலு சக்கரக் குவாட் பைக்கை இறக்கினால் இருக்கை வரை புதையும், ஆகவே எல்லாம் தோளில்தான். நாலாக வெட்டினாலும் ஒரு பாகம் நூறு பவுண்டுக்கு மேல் இருக்கும், தெரியுமில்லையா? ஒரு நடை நடந்தார் உன் அப்பா. "இடுப்பு புடிச்சிக்கிச்சு மாப்ள" என்று பைக்கில் போய் உட்கார்ந்தார். மிச்சத்தை நான் இரண்டு நாள் சுமந்தேன். ஒவ்வொரு நடை முடித்து வரும்போதும், பாதையில் போகிற யாரையாவது நிறுத்திவைத்து அந்த ஐந்நூற்று இருபது கஜத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசி நடையில் அது ஐந்நூற்று எண்பது ஆகிவிட்டிருந்தது.

படகுத்துறையில் எல்லாரும் அவர் முதுகைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு ஹெட்லி என்னிடம் வந்து, "நீயும் கூடப் போயிருந்தியா செல்பி?" என்று கேட்டான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. என் கவலை எல்லாம் முழங்கால்தான். அன்றிலிருந்து படியேறும்போது வலது முழங்கால் நறநறவென்று சத்தம் போட்டது. மனிதனுக்கு முழங்கால் இரண்டே இரண்டு. இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்க வேண்டும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க உன் அப்பா இதே நாற்காலியில் உட்கார்ந்து தோட்டா பேசினார்.

"மாப்ள, அறுநூறு கஜத்துல மூஸை அடிக்கணும். எந்தத் தோட்டா சரி?"

"இருக்கிற முப்பது-நாட்-ஆறு போதாதா மச்சான்?"

"அது கிழவனுங்க தோட்டா. முன்னூறு கஜம் தாண்டினா மூச்சு வாங்கும்."

"எங்கப்பாவோட த்ரீ-நாட்-த்ரீயில இந்த ஊர் பூரா சாப்பிட்டிருக்கு."

"உங்கப்பா மூஸ் மூக்குல துப்பாக்கியை வச்சுத்தானே சுடுவாரு. அதுக்குத் தடி போதுமே."

வெர்னா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் வெளிய போய்ச் சுட்டுக்குங்க, எனக்கு மாவு பிசையணும்" என்றாள்.

நான் அவருக்கு நேர்மையாகத்தான் யோசனை சொன்னேன். குண்டு கனமாக இருந்தால் காற்று அதைத் தள்ளாது, ஆனால் தோள் வீங்கும். இலேசாக இருந்தால் வேகமாகப் போகும், ஆனால் தூரத்தில் சோர்ந்துவிடும். அவ்வளவு பெரிய உடம்புக்குள் ஆழமாக இறங்க, சேருகிற இடத்தில் கொஞ்சம் வலு மிச்சம் இருக்க வேண்டும். இதையெல்லாம் அட்டவணை போட்டுக் காட்டினேன். ஏழு மில்லிமீட்டர் மேக்னம் என்று முடிவானது. நல்ல தேர்வு; இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். தோட்டாவை நான் கீழறையில் என் கையால் செய்து தருவதாகவும் முடிவானது. கடைத் தோட்டாவை அவர் நம்பமாட்டார். "நீ அளந்தா அளந்ததுதான் மாப்ள" என்பார்.

நான் இரண்டு பெட்டி செய்தேன்.

முதல் பெட்டி, செப்டம்பரில் கல்குவாரியில் துப்பாக்கியைச் சரிபார்க்க. அதில் வெடிமருந்து முழு அளவு. நூறு கஜத்திலும் இருநூறு கஜத்திலும் அட்டையில் மூன்று ஓட்டை, மூன்றையும் ஒரு காசால் மூடிவிடலாம். உன் அப்பா அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். இரண்டாவது பெட்டி வேட்டைக்கு. அதே பித்தளைக் கூடு, அதே குண்டு. வெடிமருந்து மட்டும், கையேட்டில் போட்டிருக்கிற அளவுகளில் ஆகக் குறைந்த அளவு. அதற்குக் கீழே நான் போகவில்லை. போனால் சுடுகிறவருக்கு ஆபத்து. மூஸ் எதிரில் நிற்கும்போது தோளில் விழுகிற உதை குறைந்தது எவனுக்கும் தெரியாது. ஆனால் அறுநூறு கஜத்தில் குண்டு ஒன்றரை முழம் கீழே இறங்கிவிடும். நடு நெஞ்சுக்குக் குறிவைத்தால் வயிற்றுக்கு அடியில், நான்கு கால்களுக்கும் நடுவில், பாசியில் போய் விழும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் செய்தேன். நானூறு கஜத்தில் சுட்டிருந்தால் மூஸுக்குக் காயம் பட்டிருக்கும், அது பாவம். நல்லவேளை, உன் அப்பா நானூறை மதிக்கவே மாட்டார்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, மதியம் இரண்டே கால். நீ கேட்ட தேதி அதுதான். ஐந்நூற்று தொண்ணூறு கஜத்தில் ஒரு காளை. சுட்டார். பாசி தெறித்தது. காளை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தது. மறுபடியும் சுட்டார். அதே இடம். மூன்றாவதற்கு அது மெதுவாக நடந்து காட்டுக்குள் போய்விட்டது. பயந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை பாதையோரம், எழுபது கஜத்தில் நான் ஒன்றைச் சுட்டேன். பைக்கைப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினோம். என் முழங்கால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீ நினைப்பாய்.

படகுத்துறையில் ஹெட்லி கத்தினான்: "கார்லண்டு சுட்டா மூஸுக்கு ஜலதோஷம்கூடப் புடிக்காது போலிருக்கே." எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவன் என் பக்கம் திரும்பி, "ஆனா செல்பி குறி தப்பாதுப்பா" என்றான். நல்ல பையன் ஹெட்லி. அதுவரை எனக்கு அவனை அவ்வளவாகப் பிடித்ததில்லை.

அந்தக் குளிர்காலம் உன் அப்பா மறுபடியும் இந்த நாற்காலிக்கு வந்தார். "தோட்டா சரியில்ல மாப்ள. முன்னூறு மேக்னம் போயிடலாமா?" போகலாம் என்றேன். அதுவும் அருமையான தோட்டா. அட்டவணை போட்டேன். இரண்டு பெட்டி செய்தேன்.

இந்தத் தடவை நான்கு குண்டு. நான்கும் பாசியில். உன் அப்பா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ள, இது ஆடுதா பாரு."

ஆடவில்லை. பாறை மாதிரி இருந்தது. "குளிர்தானே மச்சான்" என்றேன். யோசித்துப் பார், நான் ஆடுகிறது என்று சொல்லவே இல்லை.

"எங்கப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல குறி போச்சு. அப்புறம் கரண்டி. கடைசியில எங்கம்மாதான் சூப்பு ஊட்டுனா" என்றார். உன் தாத்தா செஸ்லியின் கடைசி வருடங்கள் உனக்கும் ஞாபகம் இருக்கும். அப்போதே சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கெட்டில் கொதித்து நெருப்பில் வழிந்துவிட்டது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. இந்த மாதிரி விஷயத்தைச் சொல்ல ஒரு நேரம் அமைய வேண்டும்.

அமையவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் கையிலிருந்து ஒரு கோப்பை நழுவியது. எல்லார் கையிலிருந்தும்தான் நழுவுகிறது. ஆனால் அவர் அதை எண்ணிக்கொண்டார். செயின்ட் ஜான்ஸில் பெரிய டாக்டர், "உங்களுக்கு ஒண்ணுமே இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். "ஒண்ணுமில்லாதவன் நாலு குண்டையும் பாசியில போடுவானா? என்கிட்ட மறைக்கிறாங்க மாப்ள" என்று என்னிடம் அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். தோளில் தட்டிக்கொடுத்தேன். வசந்தத்தில் தன் நண்டு பிடிக்கிற படகைத் தன்னோடு வேலை செய்தவனிடம் ஒப்படைத்துவிட்டார். அப்புறம் ஒரு நாள் நிஜமாகவே கை ஆட ஆரம்பித்தது. பயத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. மருந்துக்கடையில் இருந்தவனுக்கு இது புதிதில்லை.

போன வருடம் அவர் வேட்டைக்கே வரவில்லை. வீட்டுக்கு வந்து ரைஃபிளை என் மடியில் வைத்தார். "உனக்குத்தான் கை நிக்குது. நீயே வச்சுக்க" என்றார். மறுத்தால் மனம் கஷ்டப்படும் என்று வாங்கிக்கொண்டேன்.

இதற்கப்புறம் நடந்ததை வெர்னாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. அந்த ரைஃபிளுக்கு முழு அளவில் ஒரு பெட்டி செய்தேன். தனியாகப் போனேன். பாதையோரம் முதல் நாளே ஒரு பசு மூஸ் நின்றது, ஐம்பது கஜம்கூட இருக்காது. நான் அதைப் பார்க்கவில்லை. சரி, பார்த்தேன், ஆனால் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் சதுப்பின் அந்தக் கரையில் ஒரு காளை வந்தது. அறுநூற்றுப் பத்து கஜம். அளந்து பார்த்தேன். ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே மடிந்தது. என்ன சுகம் தெரியுமா, கிறிஸ்டா, குண்டு பட்ட அந்தச் சத்தம் ஒரு நொடி கழித்துத் திரும்பி வருகிறபோது.

இரண்டரை நாள் தனியாகச் சுமந்தேன். முழங்கால் வலித்ததா என்று கேட்கிறாய், இல்லையா? கவனிக்கவில்லை. படகுத்துறையில் ஹெட்லி எத்தனை கஜம் என்று கேட்டான். அறுநூற்று நாற்பது என்றேன்.

இவ்வளவுதான் நடந்தது. உன் அப்பாவுக்கு ஒரு வியாதியும் கிடையாது. அந்தக் கையை நான் என் தராசில் செய்தேன், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பெட்டி அளவுக்கு. என் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஆரம்பித்தேன். அவரையும் ஒரு வகையில் காப்பாற்றியிருக்கிறேன், வயதான காலத்தில் சதுப்பில் அலையாமல் வீட்டோடு இருக்க வைத்தேன். ஒரு மூஸுக்குக்கூட ஒரு கீறல் விழவில்லை. இப்படி யாரையும் துன்பப்படுத்தாமல் ஒரு காரியம் செய்வது சுலபமில்லை.

உட்காரும்மா. கோட்டை எடுக்காதே. இப்போது ஓடிப்போய் அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசி. பெட்டியெல்லாம் கட்டிவைத்துவிட்டார். நாளைக் காலை கேண்டரில் விமானம். ஆல்பர்ட்டாவில் நீ அவருக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாய், பேரப்பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் சொல். தாராளமாகச் சொல், வேண்டுமானால் நானே ஃபோனில் சொல்கிறேன், மன்னிப்பும் கேட்கிறேன்.

ஆனால் இன்றைக்கு வேண்டாம். இன்றைக்குச் சொன்னால் அவர் போகமாட்டார். இந்த வருடக் குலுக்கலிலும் எங்களுக்கு லைசென்ஸ் விழுந்திருக்கிறது, அவர் ஊரில் இருந்தால் முதல் குண்டை அவருக்குத்தான் நான் விட வேண்டியிருக்கும்.