அமைதி நேரத்தில் ஒரு பூசணிக் கதை

எங்கள் பிரேமன் நகரத் தோட்டச் சங்கத்தின் தலைவரும், செடிவேலி ஒரு விரற்கடை உயர்ந்தாலும் ஒரு தெரு தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடும் கழுகுக் கண்ணருமான திரு. ஓட்மார் ப்ரூக்கர் அவர்களே. முன்வரிசையில் மூட்டு வலியோடும் மூடாத வாயோடும் வீற்றிருக்கும் மூத்த உறுப்பினர்களே. ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்ட கேக்கைச் சுட்டு எடுத்துவந்துவிட்டு, ஈயிடமிருந்தும் என்னிடமிருந்தும் அதைக் காத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே. மேசைக்கு அடியில் அதே கேக்கை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும் என் கதைக் கூட்டத்துக் கண்மணிகளே, உங்கள் அனைவருக்கும் கெசினே ஹார்ம்ஸின் பணிவான வணக்கம்.

இன்று ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. யாரும் சத்தம் போடக் கூடாத மதிய அமைதி நேரத்தில் தோட்டத்தில் கதையும் சொல்லக் கூடாது என்பது தீர்மானம். கொண்டுவந்தவர் தலைவர். அது நிறைவேறினால் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் செவ்வாய்க்கிழமைக் கதை நேரம் அத்தோடு முடிந்தது. வேறு நேரத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். முடியாது, நண்பர்களே. மழலையர் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் மதியம் தூங்குகிறார்கள். தூங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மீதிப் பாதியைத்தான் ஆசிரியை அந்த நேரத்தில் என்னிடம் ஓட்டிக்கொண்டு வருகிறார். ஊரே உறங்கும் வேளையில் உறங்காத பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி அமைதி காக்க வேண்டும். யாருக்கு வாய்க்கும் இந்தப் பேறு?

மே மாதம், இந்தத் தோட்டத்தில் நான் கதை சொன்ன முதல் நாள். வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் போய்க் காய்த்த ஒரு பூசணிக்கொடியின் கதை அது. நட்டவர் ஒருவர், காய் கிடப்பது இன்னொருவர் மண்ணில். காய் யாருக்கு? நான் காற்றாக ஊளையிட்டேன், மழையாகக் கொட்டினேன், இடியாக இடித்தேன். வேலிக்கு மேலே ஒரு தொப்பி எழுந்தது.

"அம்மா, மணி என்னன்னு தெரியுமா? இது அமைதி நேரம்."

"கதைதானே சொல்றேன் ஐயா."

"தாராளமா சொல்லுங்க. என் காதுல விழாம சொல்லுங்க."

அன்றே தீர்மானத்தை எழுதிவிட்டார். எழுதிய கை அதோ, அந்தக் கைதான். அதைப் பின்னால் மறைத்துப் பயனில்லை, தலைவரே.

நானும் சட்டத்துக்கு அடங்கினவள். அடுத்த வாரத்திலிருந்து கதையை ரகசியக் குரலில் சொன்னேன். பிள்ளைகளும் ரகசியமாகவே பேச வேண்டும் என்றேன். பட்டாணிப் பந்தலடியில் தலையோடு தலை முட்ட உட்கார்ந்தோம். கதையில் வரும் காயைக் கையில் பறித்துத் தின்றோம். முள்ளங்கியை மெல்லும் சத்தம்தான் அங்கே பெரிய சத்தம்.

அந்த வட்டத்தில் இன்ஸா என்றொரு சிறுமி. அவள் அம்மா இங்கே இருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். வீட்டை விட்டு வெளியே வந்தால் இன்ஸா வாய் திறக்க மாட்டாள். பள்ளியில் எல்லோரும் கத்துவார்கள், இவள் குரல் எங்கே எடுபடும்? ஆனால் என் வட்டத்தில் எல்லோர் குரலும் இவள் குரல் அளவுதான். ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய், ஒரு பட்டாணிக் காயைப் பிளந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இதுக்குள்ள இவ்ளோ பேரு படுத்திருக்காங்க. யாருமே தூங்கல."

ஆசிரியை முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்திக் கத்திக் கதை சொன்ன காலமெல்லாம் இப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. இவளைப் பேச வைத்தது நானா? இல்லை. வேலிக்கு மேலே எழுந்த அந்தத் தொப்பி.

இனிமேல்தான் வேடிக்கை. நாங்கள் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, வேலிக்கு அந்தப் பக்கம் செடி வெட்டும் கத்தரிக்கோல் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. வாராவாரம் வேலி குட்டையானது. அதுவும் எங்கள் தலைக்கு நேராக மட்டும். சங்கத்திலேயே கோணலான வேலி யாருடையது என்று போய்ப் பாருங்கள். என்ன சிரிக்கிறீர்கள்? பின்வரிசைக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. கடைசியில் ஒரு நாள் அந்தப் பள்ளத்தின் வழியே தொப்பி கேட்டது:

"ஒண்ணுமே காதுல விழல. அந்தக் காய் யாருக்குன்னு முடிவாச்சா?"

"இது அமைதி நேரம் தாத்தா," என்றாள் இன்ஸா.

தலைவர் வாயை மூடிக்கொண்டார். இந்தச் சங்கத்தில் அவர் வாயை மூட வைத்தவர் வேறு யாராவது உண்டா?

அன்று முதல் அந்தக் கேள்வி அவர் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. இப்போது சொல்லிவிடுகிறேன். முடிவைச் சொன்னது நான் அல்ல, இன்ஸா. அதனால் அவள் குரலில்தான் சொல்ல முடியும். ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள், தம்பி. சற்று முன்னால் சாய்ந்து கேளுங்கள்.

"சூப்பு வெச்சிடலாம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒட்டுக் கேக்கற தாத்தாவுக்கும் ஒரு கிண்ணம்."

கேட்டதா? இத்தனை பேர் இருக்கும் இடத்தில் கேக்கைச் சுற்றும் ஈயின் ரீங்காரம் கேட்கிறது. கரண்டிச் சத்தமில்லை, கனைப்பில்லை, முன்வரிசையில்கூடப் பேச்சில்லை. பெரியோர்களே, நாங்கள் போடுகிற சத்தம் இவ்வளவுதான். இதைத்தான் தடுக்கச் சொல்கிறது தீர்மானம்.

கதை வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று செயலாளர் இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் ஒரு கை மேலே போய்விட்டது. தலைவரே, அது உங்கள் கை. இறக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், கேக்கைக் காத்த தாய்மாருக்கும், அதைக் காலி செய்துவிட்ட என் கண்மணிகளுக்கும், எங்களை மெல்லப் பேசக் கற்றுக்கொடுத்த ஓட்மார் ப்ரூக்கருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பந்தலடியில் உங்களுக்கும் ஒரு குட்டி நாற்காலி போட்டிருக்கிறோம், ஐயா. வேலியை வெட்டியது போதும், வாசல் வழியாகவே வாருங்கள். வணக்கம்.