உறையூரில் யாருக்கும் இருமல் வராதா?

உறையூர் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், டை கட்டிய மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர், மடியில் தறி நூல் மூட்டையோடு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"உங்க ஊர் டாக்டர் ஒருத்தர்தாங்க இந்தியாவுக்கே எதிரா நிக்கிறார்."

"ஐயையோ, தங்கமான மனுஷனாச்சே!"

"இருமல்னு போனா நாடு பூரா எங்க சிரப்பைத்தான் எழுதறாங்க. இவர் மட்டும் எழுதறதே இல்ல. உறையூர்ல யாருக்கும் இருமலே வராதான்னு மேனேஜர் கேக்கறார்."

"வராம என்னங்க? தறியில உக்காந்தா நூல் தூசிதானே. உப்புத் தண்ணியில கொப்புளி, மிளகு ரசம் சாப்பிடுன்னு அனுப்பிடுவாரு."

"இந்த மாசமும் விக்கலைன்னா என்னைத் தூக்கி பீகார்ல போட்டுடுவாங்க."

நூல் மூட்டைக்காரர் உச்சுக்கொட்டினார்.

"போன வாரம் டாக்டர் வீட்டு வாசல்ல பார்த்தப்போ உங்களுக்கே ஒரே இருமலா இருந்துச்சே. உங்க சிரப்பையா குடிச்சீங்க?"

ரெப் தன் தோல் பையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அவர்கிட்டயேதான் காட்டினேன். உப்புத் தண்ணின்னுட்டார்."

"கேட்டுச்சா?"

"சுத்தமா நின்னு போச்சு" என்ற ரெப், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பீகார்ல உப்பு கிடைக்கும் இல்லங்க?"