கண்ணை மறைத்த படம்

—அடுப்பை நிப்பாட்டுங்கோ குகனேஸ்வரி அன்ரி. இருந்துதான் கேக்க வேணும்.

—துழாவாமல் விட்டால் சொதி திரைஞ்சு போகும் சயந்தினி. நீ சொல்லு, நான் துழாவிக்கொண்டு கேக்கிறன். கபோச் சந்தையிலை மீன்காரன் என்னை இண்டைக்கும் ஏமாத்திப்போட்டான், கேட்டியோ.

—கையைச் சுட்டுப்போடாதேங்கோ. மணிக்கட்டிலை உள்ள தழும்பு காணாதோ?

—அது லிபெர்த்தா றோட்டிலை நான் வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டு அயன்பெட்டி வைச்ச முத்திரை. கல்யாணம் முடிச்சு வந்த புதுசிலை. சொல்லு, என்ன விசயம்?

—கீர்த்திகன்ரை விசயம்.

—அடுப்பை நிப்பாட்டிப்போட்டன். சொல்லு.

—அல்லோரா, சரி, முதல் இதைக் கேளுங்கோ. உயிரோடை, சுகமாய் இருக்கிறான்.

—ஆர் கண்டது? அவன்ரை தகப்பன், பேரின்பநாயகம் எண்ட அந்த மனுசன், ரெலிபோன் எடுத்ததோ?

—இல்லை. நான் வேலை செய்யிற இடத்துக்கு ஒரு கடிதம் வந்தது.

—குழந்தைப்பிள்ளை டாக்டர்மார் எழுதிறதை அச்சிலை போடுற சஞ்சிகை. அங்கையோ?

—ஓம். ரொறொன்ரோவிலை ஒரு டாக்டர், தலை ஒப்பரேசன் செய்த ஒரு பெடியன் இப்ப எப்பிடி வளர்ந்திருக்கிறான் எண்டு அங்கத்தைச் சஞ்சிகை ஒண்டிலை எழுதிறாவாம். எங்கடை பழைய இதழிலை வந்த படத்தைத் தான் போடலாமோ எண்டு கேட்டவ. அப்பிடிப் போடுறதெண்டால் எங்களிட்டை அனுமதி எடுக்க வேணும். எந்தப் படம் எண்டு திறந்து பாத்தன். உங்கடை சாமித்தட்டிலை முருகனுக்குப் பக்கத்திலை இருக்கே, அதே படம்.

—அதை விட்டால் அவன்ரை படம் என்னட்டை ஏது? அல்பம் முழுக்க அந்த மனுசன் கட்டிக்கொண்டு போட்டுது. டாக்டர்மாற்றை தாளிலை வந்தது ஒண்டுதான் மிச்சம். அதிலையும் கண்ணுக்கு மேலை கறுப்புப் பட்டி.

—ஆற்றை பிள்ளை எண்டு தெரியக்கூடாது எண்டு போடுறது அன்ரி.

—பெத்தவளுக்குமோ? விளக்குக் கொளுத்தேக்கை எல்லாம் அந்தப் பட்டிக்குப் பின்னாலை என்ன இருந்ததெண்டு நினைச்சுப் பாப்பன். இமை நீளம், அது நினைவிருக்கு. கண் மறந்து போச்சு பிள்ளை. அது சரி, கடிதம் எப்ப வந்தது?

—மாரியிலை.

—மாரியிலை வந்ததை, வேர்த்து ஊத்திற இந்தக் காலத்திலை வந்து சொல்லுறாய். ஞாயிறு ஞாயிறு சாந்தா ரொசாலியா கோயிலுக்கு அவனுக்காக மலை ஏறினனான். நீயும் கூட வந்தனி. வாய் திறந்தனியோ?

—வெளிவராத கட்டுரையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. எங்கடை வேலையிலை அது முதல் சட்டம். மலை ஏறேக்கை ஏன் உங்களுக்குப் பின்னாலையே வந்தனான் எண்டு நினைக்கிறியள்? முகத்தைப் பாக்க ஏலாமல்தான். நேற்று வெளிவந்திட்டுது. இனி ஆரும் வாசிக்கலாம். வேலை முடிய நேரே இங்கை வர சீசா பஸ் ஏறினனான்.

—உன்னோடை பிறகு சண்டை பிடிக்கிறன். இப்ப வாசி.

—இங்கிலிசிலை இருக்கு. அஸ்பெத்தா, பொறுங்கோ, தமிழிலை சொல்லுறன். 'நோயாளிக்கு வயது பதினைந்து. மண்டையோட்டின் பொருத்துகள் வேளைக்கே மூடியதால், குழந்தையாக இருந்தபோது பலெர்மோவில் சத்திரசிகிச்சை...'

—அதை விடு. அது நான் வாசலிலை நிண்டு பாத்த கதை. இப்ப எப்பிடியாம்?

—'தலையின் வளர்ச்சி சீராக உள்ளது. பார்வையில் குறையில்லை. நன்றாகப் படிக்கிறான். பாடசாலையின் நீச்சல் அணியில் இருக்கிறான்.'

—நீச்சலோ? தலையிலை ஒரு கோப்பை தண்ணி விட்டால் கட்டிடமே அதிரக் கத்தினவன். பிள்ளையை அடிக்கிறன் எண்டு நினைச்சுக் கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா வந்து கதவைத் தட்டினவ. நீந்திறானோ... படம் இருக்கோ?

—இருக்கு. ஆனால் பின்பக்கம். காதிலையிருந்து காது வரைக்கும் ஓடுற தழும்பைக் காட்ட எடுத்தது. இப்ப பட்டி போடுறதில்லை, முகத்தையே எடுக்கிறதில்லை.

—கொண்டா போனை. ஓம், பிடரியிலை ரெண்டு சுழி. அவன்தான். தோள் எப்பிடி அகண்டிட்டுது... ஒருக்காத் திரும்பன் ராசா.

—போனைத் தாங்கோ அன்ரி, மிச்சத்தை வாசிக்கிறன். 'குடும்பத்தில் வேறு எவருக்கும் இந்த நோய் இல்லை. தந்தை நலமாக உள்ளார்.' பிறகு சிகிச்சையைப் பற்றி...

—நில். தகப்பனைப் பற்றிப் போட்டவை தாயைப் பற்றி ஒண்டும் போடேல்லையோ? பொய் சொல்லேக்கை நீயும் உன்ரை அம்மாவைப் போலைத்தான், மூக்கைச் சொறியிறாய்.

—'தாய் இறந்துவிட்டார்' எண்டு இருக்கு.

—ஆர் சொன்னதாம்?

—தகப்பன் சொன்னதைத்தான் டாக்டர் எழுதியிருப்பா.

—அதுதானே பாத்தன். உன்ரை பெர்மெசோ, வதிவிட அனுமதி, வர ரெண்டு மாசம் செல்லும், நான் பிள்ளையோடை முன்னுக்குப் போறன், பிறகு உன்னைக் கூப்பிடுறன் எண்டு பறந்த மனுசன். நம்பரை மாத்திச்சுது, வீட்டை மாத்திச்சுது, கடைசியிலை என்னைக் கொண்டுபோய் எரிச்சும் போட்டுது. என்னத்தாலை செத்தனானாம்?

—காரணம் போடேல்லை.

—அப்ப துவசமும் நடந்திருக்கும். ஏதோ ஒரு திதியை அந்த மனுசனே பாத்து வைச்சிருக்கும். வருசா வருசம் என்ரை பிள்ளை எனக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சிருப்பான். அந்த நேரம் நான் சிஞ்ஞோரா வீட்டிலை சட்டை அயன் பண்ணிக்கொண்டு நிண்டிருப்பன். ஒருக்காப் புரைக்கேறக் கூட இல்லையே பிள்ளை.

—அல்லோரா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. பிழை இருக்கெண்டு காட்டினால் அந்தச் சஞ்சிகை திருத்தம் போடத்தான் வேணும். நான் எழுதித் தாறன். 'தாய் உயிருடன் இருக்கிறார்' எண்டு அச்சிலை வரும்.

—வேண்டாம்.

—ஏன் அன்ரி?

—உன்ரை கொப்பர் பொய்யன் எண்டு அச்சடிச்சு அந்தப் பிள்ளையின்ரை கையிலை குடுக்கிறதோ? அங்கை அவனுக்கு இருக்கிறது அந்த ஒரு மனுசன். நீந்திறான், படிக்கிறான். எனக்காக அழ வேண்டியதை அழுது முடிச்சிருப்பான். நான் திடீரெண்டு எழும்பிப் போய் நிண்டால், பேயைக் கண்ட மாதிரித்தானே பயப்பிடுவான். செத்தவள் செத்தவளாவே இருக்கட்டும். சொதியைச் சூடாக்கிறன், சாப்பிட்டிட்டுப் போ.

—கடைசித் துண்டு இன்னும் வாசிக்கேல்லை.

—டாக்டர்மாற்றை கதை எனக்கென்னத்துக்கு?

—அது டாக்டர் எழுதினதில்லை. இப்ப நோயாளியையும் நாலு வரி எழுத விடுகினம். கீர்த்திகன் எழுதினது.

—கீர்த்திகனோ? அவனே?

—ஓம். 'இந்தக் கட்டுரைக்கு நான் சம்மதித்ததே அந்தப் பழைய படத்துக்காகத்தான். அதில் ஒரு கை என் கன்னத்தைத் தாங்கியிருக்கிறது. அது தாதியின் கை என்று அப்பா சொல்கிறார். தாதி என்றால் கையுறை போட்டிருப்பார். இது வெறுங்கை. மணிக்கட்டில் சூடுபட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. ஒரு விரல் என் காதைத் தடவுகிறது. டாக்டருக்கும் தெரியவில்லை. இதை வாசிக்கிற யாருக்காவது அது யாருடைய கை என்று தெரியுமா?'

—படம் எடுத்த டாக்டர் தொத்தோரே கையை எடுங்கோ, எடுங்கோ எண்டவர். எடுத்தால் அவன் தலையைத் திருப்பிப்போடுவான். காதைத் தடவினால்தான் சும்மா இருப்பான். கடைசியிலை கையோடையே எடுத்தவை. அவன்ரை கண்ணை மறைச்சவை, என்ரை கையை மறைக்க மறந்துபோச்சினம்.

—இனியும் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லுறியளோ?

—அந்த டாக்டரின்ரை விலாசம் அதிலை கிடக்கோ?

—கிடக்கு. ஈமெயில். என்ன எழுத அன்ரி?

—ஒண்டும் எழுதாதை. தகப்பன்ரை கதை ஒரு சொல்லும் வேண்டாம். அவன் கேட்டது கையைத்தானே, கையை மட்டும் படம் எடுத்து அனுப்பு. நில், தழும்பு தெரிய வளையலை ஏத்திவிடுறன்.