பாத்தாச்சு பாவா

அந்த லைட்ட அமத்துறா. செல்லயும் கவுத்து வையி... ஆங். ராஜேஷு, நடுவுல சிரிச்சன்னா நீதான் தனியா போயி டீ வாங்கியாரணும், சொல்லிட்டேன்.

சாயங்காலம் ஏழு மணி. பேய்னா பன்னெண்டு மணிக்குத்தான் வரும்னு உங்களுக்கு எவன் சொன்னான்? கே.ஜி.கண்டிகை தாண்டி உள்ளாற போற ரோடு. ரெண்டு பக்கமும் கரும்பு. ஒரு லைட்டு கெடையாது. கடைசில ஒரு கம்பெனி... பேரு வேணாம். இப்ப பூட்டிக் கெடக்குது.

அங்க கழிவு டேங்க் க்ளீன் பண்ற கேங்குல இருந்தவன் அசோக்குமாரு. என்கூட படிச்சவன். அவன் அக்கா தேவகி. அந்த அக்கா வூட்டுக்காரரு ராஜவேலுதான் கேங்குக்கு மேஸ்திரி. அக்கா புருசன்றதால இவன் அவர பாவான்னுதான் கூப்புடுவான். டேங்க்குள்ள நல்ல காத்து இருக்காது. மூஞ்சிக்கு மாஸ்க் மாட்டிகினுதான் எறங்கணும். வெளிய கம்ப்ரசர் ஓடும். அதுலேர்ந்து ஓஸ் குழாய் வழியா மாஸ்க்குக்கு காத்து வரும். எறங்கனவனுக்கு அதுதான் உசுரு.

ராஜவேலு லேசுல எவனையும் எறக்க மாட்டாரு. கம்ப்ரசர் எந்தப் பக்கத்துக் காத்த இழுக்குதுன்னு சுத்தி வந்து பாப்பாரு. வெசம் இருக்குதான்னு மீட்டர் வெச்சிப் பாப்பாரு. அப்புறம் தானே மாஸ்க்க மாட்டி நல்லா இழுத்து மூச்சு வுடுவாரு. "பாத்துட்டேன். நல்லா இருக்கு. போட்டுக்க." அந்த வார்த்த வந்தாதான் ஆளு எறங்கும்.

ஒரு நாள் ஆளு பத்தல. அவரே எறங்க வேண்டியதாப் போச்சு. இடுப்புல கயிறு கட்டிகினு கேட்டாரு... "பாத்தியாடா அசோக்கு?"

இவன் கையில டீ. உறிஞ்சிகினே சொன்னான். "பாத்தாச்சு பாவா... பாத்தாச்சு."

பாக்கல.

கம்ப்ரசருக்குப் பின்னாடி ஒரு லாரி, இஞ்சின் ஓடிகினே நின்னுச்சு. அந்தப் பொக மொத்தமும் கம்ப்ரசர் வழியா மாஸ்க்குக்குள்ள போயிகினு இருந்துது. அதுல ஒரு வெசம் இருக்குது... வாசனை கெடையாது, ஃபில்டருக்கும் அடங்காது. கயித்த இழுத்தா அசையல. போயிப் பாத்தா உக்காந்து தூங்கற மாரி இருந்தாரு. மொகம் செவசெவன்னு. மீட்டரு பொட்டிக்குள்ளயே இருந்துச்சு. எத்தினி பேருக்கு மூச்சு பாத்துக் குடுத்த மனுசன்டா.

அதோட கம்பெனிய மூடிட்டாங்க. வாட்ச்மேன் சிவப்பிரகாசம் மட்டும்தான். பொழுது சாஞ்சா ஒரு சத்தம் கேக்குதாம். கரண்டே இல்ல, கம்ப்ரசர் ஓடல. ஆனா ஓஸ்ல... ஸ்ஸ்... ஸ்ஸ்... ஆணில மாட்டன மாஸ்க்கு தெனம் டேங்க் வாய்கிட்ட கெடக்குதாம். அந்த ஆளு பயந்துபோயி தேவகிகிட்ட வந்து சொல்லிட்டாரு.

அக்கா கத்தல, பொலம்பல. "அவுரு சும்மா மாஸ்க்க போட மாட்டாருங்க. யாராச்சும் பாத்துக் குடுக்கணும். அதுக்குத்தான் நிக்கறாரு"ன்னுச்சு.

அசோக்கு பைக்லயே அக்கா பின்னாடி உக்காந்து போச்சு. ஏழு மணி. காஞ்ச கரும்புச் சோகை வாசனை. அன்னிக்கி லாரி நின்ன எடத்துல டீசல் வாசனை... இப்ப லாரியே இல்ல.

அக்கா கம்ப்ரசர சுத்தி வந்து பாத்துச்சு. மாஸ்க்க எடுத்து மாட்டி, நல்லா இழுத்து மூச்சு வுட்டுச்சு. கழட்டறப்போ மாஸ்க்கு கண்ணாடி உள்ளாற ஒரே ஈரம். மூச்சா, கண்ணீரா, தெர்ல. இருட்டுல டேங்க் பக்கமா நீட்டிச்சு.

"பாத்துட்டேன்யா. நல்லா இருக்கு. போட்டுக்க."

கை வெறுங்கையா ஆயிடுச்சு. மாஸ்க்கு வுழுந்த சத்தம் கேக்கல.

அப்புறம் ஓஸ் நவுந்துச்சு. சர்ர்... சர்ர்... மெதுவா டேங்க்குள்ள போயிகினே இருந்துது.

அக்கா அத பாத்துகினே நின்னு அழுவுது. திரும்பாம கேட்டுச்சு.

"அன்னிக்கி இவருக்கு யாருடா பாத்துக் குடுத்தது?"

அசோக்கு பைக் பக்கமா பின்னாடி நவுந்தான்.

பதிலு டேங்க்குள்ளேர்ந்து வந்துச்சு. மொதல்ல டீ உறிஞ்சற சத்தம்... அப்புறம் அசோக்கு கொரலு. அவனோட அதே கொரலு.

"பாத்தாச்சு பாவா... பாத்தாச்சு."