படத்தில் இல்லாத வரி

சித்திரை வெயிலில்கூட எங்கள் பீங்கான் கம்பெனியில் களிமண் கொட்டி வைக்கும் ஷெட்டு குளிர்ச்சியாக இருக்கும், ஐயா. சன்னல்களில் சாக்கைக் கட்டிவிட்டால் பகலிலேயே படம் போடலாம். மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் தொழிலாளிகளுக்குப் படம் காட்டுவோம். அங்கே நான் டைப்பிஸ்ட், அனந்தராமன்.

அந்த ஜெர்மன் யுத்தப் படம் வந்தது எழுபத்தாறில், எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தபோது. பேச்சு ஜெர்மன், கீழே ஓடுகிற எழுத்து இங்கிலீஷ். அதனால் நான் திரைக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியையும் தமிழில் உரக்கச் சொன்னேன்.

சர்வாதிகாரியை அரக்கனாகக் காட்டவில்லை. கை நடுங்கும் கிழவர். நாய்க்குத் தன் கையால் ஊட்டினார். சமையற்காரியின் தலைவலியை விசாரித்தார்.

"பாவம், வூட்டுப் பெரியவரு மாதிரி இருக்காரு" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த தனக்கோடி.

அவள் புருஷன் கோவிந்தராசு சூளையில் தீ போடுகிறவன். "இவரு ஒருத்தரா அத்தன பேரயும் கொன்னாரு? சுத்தி நின்னு ஆமாம் போட்டாங்களே, அவங்கள கேளு" என்றான்.

அவன் பேசியது அவ்வளவுதான். ஷெட்டில் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இரண்டு வரி சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த காட்சியில் கிழவர் தளபதிகள்மேல் எரிந்து விழுந்தார். "எல்லாரும் என்னை ஏமாற்றிவிட்டீர்கள்" என்பது வரி. நான் அதோடு சொந்தமாக ஒன்று சேர்த்தேன்: "வாய் திறக்கிறவனை உள்ளே போடுங்கள். எப்படியென்று டெல்லியில் போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள்."

கூரை அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். அது படத்தில் வருகிற வசனம் என்றே எல்லாரும் நம்பினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். மிரட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். "டெல்லிய பத்தி ஒரு பேச்சு வந்துதாமே, படத்துல இருக்குதுங்களா?" என்று கேட்டார். பெட்டியைத் திறந்து படத்தை ஓட்டிப் பார்த்துவிடுவார்கள் என்று தோன்றியது. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். இல்லை என்றேன். "அப்ப யாரு சொன்னது?" என்றார். கோவிந்தராசு கத்தினான் என்றேன். அவனும் அன்று ஏதோ பேசினான் அல்லவா?

மறுநாள் காலை சூளை வாசலிலிருந்தே அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் கழித்துத் தனக்கோடி என்னைத் தேடி வந்தாள். "சார், டெல்லின்னது அந்தப் படத்துல வந்த பேச்சுதானே, நீங்கதான படிச்சீங்க? இவரு சொன்னதுன்னு எழுதி வச்சிருக்காங்களாம். இவரு சொல்லலன்னு இங்கிலீஷுல ஒரு மனு அடிச்சிக் குடுங்க" என்றாள்.

அடித்துக் கொடுத்தேன். 'என் கணவர் அவ்வாறு பேசியது உண்மை. அறியாமல் செய்த குற்றத்தை மன்னிக்க வேண்டும்' என்று அடித்தேன். மன்னிப்புக் கேட்டால் சீக்கிரம் விடுவார்கள் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கேட்டபடியே எழுதியிருப்பதாகத் தமிழில் படித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தாள்.

அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் அவனை ஜெயிலிலேயே வைத்திருந்தார்கள். ஐப்பசி மழையில் அவன் உடல்தான் வந்தது. காய்ச்சல் என்றார்கள். வீட்டுக்கு வந்தபோது விலாவெல்லாம் கறுத்திருந்தது. குளிப்பாட்டியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன்.

இரண்டு வருஷமாகியும் தனக்கோடி பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் நின்று கும்பிடுகிறாள். "நீங்க ஒருத்தருதான் சார் அவருக்காக எழுதிக் குடுத்தீங்க" என்கிறாள். என் பஸ் வந்தால்கூட எனக்கு ஏறத் தோன்றாது.

இந்த எமர்ஜென்சி விசாரணையில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லிவிட்டேன், ஐயா. கையெழுத்தும் போடுகிறேன். அவளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். புருஷனைப் பறிகொடுத்தவள், இதையும் அவள் எப்படித் தாங்குவாள்? அவளுக்காகத்தான் கேட்கிறேன்.